பேங்கில் ‘ஐ டிட் ஃபிராட்’ என்று சொல்லிவிட்டேன், சிக்கலாகுமா?

தம்பி, பிரிட்டனின் லெஸ்டர் நகரில் அறை வாடகைக்கு என்று விளம்பரம் பார்த்து, 600 பவுண்ட் முன்பணம் அனுப்பி ஏமாந்திருக்கிறீர்கள். பேங்குக்குப் போன் போட்டு “ஐ டிட் ஃபிராட் டிரான்சாக்‌ஷன்” என்று சொன்னதால் விசாவுக்கு ஆபத்து வருமோ என்று கேட்கிறீர்கள். பதறாதீர்கள். மறுபடி கூப்பிட்டு, நடந்ததைச் சரியாகச் சொன்னால் போதும்.

நம்மூரில் “ஃபிராடு பண்ணிட்டான்” என்போம். அந்தப் ‘பண்ணு’தான் இங்கே ‘டூ’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் மோசடிக்கு ‘கமிட்’தான் வரும்: “சம்ஒன் கமிட்டட் ஃபிராட்”. அது செய்தவனுக்கு மட்டும். நீங்கள் பணத்தை இழந்தவர், ஆகவே “ஐ வாஸ் ஸ்கேம்ட்” என்று சொல்லுங்கள். “ஹி சீட்டட் ஆன் மீ” மட்டும் வேண்டாம். காதலனோ கணவனோ துரோகம் செய்தால்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.

இதைவிட முக்கியமானது, பேங்கில் கேட்கும் அடுத்த கேள்வி: “டிட் யூ ஆத்தரைஸ் திஸ் பேமென்ட்?” அதாவது, இந்தப் பணத்தை அனுப்ப நீங்களே ஒப்புதல் தந்தீர்களா? பயத்தில் நம் பிள்ளைகள் பலர் ‘நோ’ என்றுவிடுகிறார்கள். ஆப்பில் பட்டனை அழுத்தி அனுப்பியது நீங்கள்தானே, ‘யெஸ்’ என்றே சொல்லுங்கள். நீங்களே ஏமாந்து அனுப்பிய பணத்துக்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், இந்நாட்டு பேங்க் கணக்கிலிருந்து இன்னொரு இந்நாட்டுக் கணக்குக்கு ஃபாஸ்டர் பேமென்ட்டில் (ஆப்பில் உடனே பணம் அனுப்பும் வழி) போன பணமென்றால், 85,000 பவுண்ட் வரை பேங்க் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. விசாரணை நீளாவிட்டால் 5 வேலை நாளில் வந்துவிடும். அதில் 100 பவுண்ட் வரை பேங்க் பிடித்துக்கொள்ளலாம். பேங்க் தந்த எச்சரிக்கையை வேண்டுமென்றே கவனியாமல் அனுப்பியிருந்தால் மறுக்கவும் கூடும். கார்டிலோ வெளிநாட்டுக் கணக்குக்கோ கொடுத்திருந்தால் இந்த விதி பொருந்தாது.

தெரிந்தே ‘நோ’ என்று பொய் சொல்லிப் பணம் கேட்டால், 2006-ஆம் ஆண்டு ஃபிராட் சட்டப்படி அதுவே மோசடி. அப்போது ‘கமிட்’ உங்கள் மேலேயே வந்து விழும். விசாவில் இருக்கிற பிள்ளைக்கு அந்த வம்பு வேண்டவே வேண்டாம்.

விளம்பரம், வாட்ஸப் பேச்சு, பணம் போன கணக்கு எண் எதையும் அழிக்காதீர்கள். இன்றே 159-ஐ அழுத்துங்கள், பெரும்பாலான பேங்குகளுக்கு நேரே இணைப்பார்கள். எடுத்ததும் சொல்ல வேண்டியது: “ஐ மேட் த பேமென்ட் மைசெல்ஃப், பட் ஐ வாஸ் ட்ரிக்ட். த லேண்ட்லார்ட் வாஸ் ஃபேக்.”