காப்பீட்டு அட்டை இருந்தும் கடன் ஏறுகிறதே, யாரிடம் உதவி கேட்பது?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: "என் அக்கா மகனுக்கு 6 வயது. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை என்று சொல்லி சென்னையில் கீமோ ஆரம்பித்திருக்கிறார்கள். அத்தானுக்குக் கொத்தனார் வேலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் கடன் ஏறுகிறது. எந்த டிரஸ்டிடம் கேட்கலாம்? ஆன்லைனில் பணம் திரட்டித் தருவதாக ஒருவர் போன் செய்துகொண்டே இருக்கிறார், நம்பலாமா?"

குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல்., முழுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய். ஆனால் அந்த முழுச் சிகிச்சைக்கு இரண்டு முதல் மூன்று வருடம் ஆகும். இடையில் நின்றுவிட்டால் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம். நம் நாட்டில் பாதியில் நிறுத்தும் பல குடும்பங்கள் மருந்துச் செலவால் மட்டும் நிறுத்துவதில்லை. வாடகை, பஸ் காசு, மூன்று வேளைச் சாப்பாடு, அப்பாவின் கூலி நின்றுபோனது, ஊரில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை என்று எல்லாம் சேர்ந்துதான் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் அக்கா குடும்பத்தின் கடனும் பெரும்பாலும் இங்கேதான் ஏறிக்கொண்டிருக்கும். காப்பீடு இதையெல்லாம் பார்க்காது. அதனால் உதவி கேட்கும்போது சிகிச்சைப் பணத்தைவிட முதலில் தங்குமிடத்தைக் கேளுங்கள்.

இதில் மருத்துவக் காரணமும் உண்டு. கீமோ நடக்கும் முதல் சில மாதங்களில் பையனின் உடலில் நோய்க்கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள் அடிக்கடி குறையும். வார்டில் 'கவுண்ட் குறைஞ்சிருக்கு' என்பார்கள். அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தென்காசியிலிருந்தோ, பத்துப் பேர் சேர்ந்து படுக்கும் லாட்ஜிலிருந்தோ இது நடக்காது. செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. 2006-இல் மும்பையில் தொடங்கினார்கள், சென்னையிலும் மையம் உண்டு. வெளியூரிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் பிள்ளையும் பெற்றோரும் இலவசமாகத் தங்கலாம். குடும்பத்துக்குத் தனி இடம், சமைத்துக்கொள்ள அடுப்படி, சுத்தத்துக்குக் கடுமையான விதிகள். ஆனால் நேராகப் போய்க் கதவைத் தட்டினால் இடம் கிடைக்காது. சிகிச்சை தரும் மருத்துவமனைதான் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும்.

இங்கேதான் பலருக்குத் தெரியாமல் போகும் ஒரு ஆள் வருகிறார்: மருத்துவ சமூகப் பணியாளர். வார்டு நர்ஸிடம் 'சோசியல் ஒர்க்கரைப் பார்க்கணும்' என்று சொன்னால் காட்டுவார்கள். நல்ல டிரஸ்டுகள் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் பணம் தருவதில்லை, மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்புகின்றன. டாக்டரின் கடிதம், எஸ்டிமேட், பரிந்துரை எல்லாமே உள்ளேயிருந்துதான் போக வேண்டும். நீங்கள் ஊரில் இருந்துகொண்டு இருபது டிரஸ்டுக்குப் போன் போடுவதைவிட, அக்கா அந்த மேஜை முன்னால் அரை மணி நேரம் உட்காருவது அதிகம் பலன் தரும். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அத்தான் எத்தனை நாளாக வேலைக்குப் போகவில்லை, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நம் ஆட்கள் மானம் போகிறது என்று கடனைக் குறைத்துச் சொல்வார்கள். குறைத்துச் சொன்னால் உதவியும் குறைந்துதான் வரும். புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு உதவும் கேன்கிட்ஸ் போன்ற அமைப்புகள், இந்தியன் கேன்சர் சொசைட்டியின் சிகிச்சை நிதி, இவையும் மருத்துவமனை வழியாகத்தான் வரும். எது அந்த மருத்துவமனையில் நடைமுறையில் இருக்கிறது என்பது அந்தச் சமூகப் பணியாளருக்குத்தான் தெரியும்.

காப்பீட்டையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பதுதான் திட்டம். வெளியே வாங்கச் சொல்லும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் கொடுக்கும் காசு உண்மையிலேயே திட்டத்துக்கு வெளியே உள்ளதா என்று காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம்.

காப்பீடு தாண்டியும் பெரிய தொகை தேவைப்பட்டால் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு எழுதலாம். பையனின் புகைப்படம், முகவரிச் சான்று, வருமானச் சான்று, நோயும் உத்தேசச் செலவும் குறித்து மருத்துவமனை தரும் அசல் சான்று ஆகியவற்றோடு மனு போட வேண்டும். அவர்கள் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்க வேண்டும், பணமும் அங்கேதான் போகும். முழுச் செலவும் வராது, ஒரு பகுதிதான். செலவழித்து முடித்த பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே கட்டிவிட்டுக் கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வருமானச் சான்றுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். ஊரில் இருக்கும் நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான்.

அந்தப் போன் ஆளைப் பற்றி. முன்பணம், பதிவுக் கட்டணம், 'ஃபைல் சார்ஜ்' என்று ஒரு ரூபாய் கேட்டாலும் விட்டுவிடுங்கள். அக்காவின் வங்கி விவரம், ஓ.டி.பி. எதையும் கொடுக்க வேண்டாம். ஆன்லைனில் திரட்டுவது தப்பில்லை, ஆனால் அதைக் கடைசி வழியாக வையுங்கள். செய்வதானால் தெரிந்த தளத்தில், நீங்களே கணக்குத் தொடங்கி, எவ்வளவு பிடித்தம் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, பணம் நேரே மருத்துவமனைக்குப் போகும்படி செய்யுங்கள். சொந்தக் கணக்கில், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரிக் கேள்வி எழும். இன்னொன்றும் மனதாரச் சொல்கிறேன்: முடி கொட்டி, முகம் வீங்கிய நிலையில் பையனின் படத்தைப் போடாதீர்கள். அவன் குணமாகி ஸ்கூலுக்குப் போவான். அப்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும்.

அப்புறம் ரயில். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை தரும் ரயில்வே சலுகைச் சான்றோடு ரிசர்வேஷன் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும். அடுத்த முறை பொதிகையில் கிளம்பும் முன் அந்தச் சான்றைக் கையில் வாங்கிவிடச் சொல்லுங்கள்.