எடின்பரோவில் கோல்ஃப் ஆடக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

தங்கச்சி, வேலைக்காக எடின்பரோ வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, அலுவலகத்துப் பெண்கள் கோல்ஃப் ஆடக் கூப்பிடுகிறார்கள், "அது பணக்கார ஆண்களின் விளையாட்டு இல்லையா, நான் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள்.

உங்கள் தயக்கம் நியாயமானதுதான். 1754-ல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கிளப், பெண்களைச் சேர்க்க 2014-ல்தான் சம்மதித்தது. எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள முயர்ஃபீல்ட் கிளப்பில் 2016-ல் நடந்த வாக்கெடுப்பில் அதற்குப் போதிய ஓட்டு விழவில்லை. இனி பிரிட்டிஷ் ஓபன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி அங்கே கிடையாது என்றானதும் மறு வருடமே வழிவிட்டார்கள். 2022-ல் அதே மைதானத்தில் பெண்கள் ஓபன் நடந்தது. பொழுது சாய்ந்த பிறகும் நீண்ட ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் ஜெயித்தார்.

ஆனால் கிளப் விதி மாறியதால் மட்டும் பெண்கள் வந்துவிடவில்லை. முழு ஆட்டமான பதினெட்டுக் குழியும் ஆடினால் நாலு மணி நேரம் போய்விடும். வீட்டில் குழந்தை இருப்பவர் அதற்கு எங்கே போவார்? பல கிளப்புகளில் பெண்கள் போட்டியை வார நாள் காலையில் வைத்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவளுக்கு அதனால் என்ன பயன்? எல்லாவற்றையும்விட, கூட ஆள் இல்லாமல் முதல் நாள் போய் நிற்பதுதான் கஷ்டம். உங்களைக் கூப்பிட ஆள் இருக்கிறார்கள், அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் பிரன்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸுக்குப் போங்கள். ஊருக்கு நடுவிலேயே இருக்கும் பொதுப் புல்வெளி, கொஞ்ச தூரத்திலேயே இருக்கும் குழிகள், கட்டணம் கிடையாது. அப்புறம் ஒரு சனிக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸ் போய் 'ஹிமாலயாஸ்' ஆடிப் பாருங்கள். பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அழகல்ல என்று சொல்லப்பட்ட காலத்தில், 1867-ல், பெண்களுக்காகத் தொடங்கிய புட்டிங் கிளப்பின் திடல் அது; புட்டிங் என்றால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விடுவது. சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். மேடும் பள்ளமுமாக இருக்கும். குழியைப் பார்த்து நேராகத் தட்டினால் பந்து மேட்டில் ஏறி, வளைந்து, உங்கள் காலடிக்கே திரும்பி வரும். பக்கத்தில் ஆடும் பாட்டி எந்தச் சரிவில் விட வேண்டும் என்று தானாகவே சொல்லித் தருவார்.

உடைக்குப் பயப்பட வேண்டாம், குட்டைப் பாவாடை போட வேண்டியதில்லை. காலர் வைத்த டிஷர்ட், சாதாரண பேன்ட் போதும். சில கிளப்புகளில் ஜீன்ஸ் மட்டும் ஆகாது. மட்டைகளை உடனே வாங்காதீர்கள். பந்தைத் தூக்கி அடிக்க ஏழாம் நம்பர் அயர்ன் என்ற மட்டை ஒன்றும், உருட்டிவிட ஒரு புட்டரும் இரவல் கிடைத்தால் ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

ஒன்று முக்கியம். புதிதாக வரும் பெண்கள் ஒவ்வொரு தப்பான அடிக்கும் "சாரி, சாரி" என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்படும். ஆண்கள் பந்தைப் புதரில் விட்டுவிட்டுப் பேசாமல் தேடுவார்கள். நீங்களும் மன்னிப்புக் கேட்காதீர்கள். பின்னால் வருபவர்கள் வேகமாக ஆடினால் ஒதுங்கி வழிவிடுங்கள், அடுத்தவர் அடிக்கும்போது பேசாமல் நில்லுங்கள், அவ்வளவுதான் மரியாதை.

கூப்பிட்டவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: முதல் தடவை ஒன்பது குழி மட்டும், வேலை முடிந்த சாயங்காலம். ஜூனில் இங்கே ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.