கேளுங்க, சொல்றேன்: படகைக் கவுக்கப் பாத்தவருக்கு 500 டாலரா?

கேள்வி: லூயிஸ், கிளார்க் ரெண்டு பேரும் அமெரிக்காவோட மேற்குக் கடல் வரைக்கும் வழி தேடிப் போனப்ப ஷார்போனோன்னு ஒரு ஃபர் வியாபாரியைக் கூட்டிட்டுப் போனாங்களாமே. அந்த ஆளு படகையே கவுக்கப் பாத்தாராம், என் மகன் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்புறம் எதுக்கு சார் அவருக்கு சம்பளம்? (ஒரு வாசகி, குமுளி)

பதில்: குமுளியில இருந்துகிட்டு இதக் கேக்கலாமாம்மா? நம்ம பக்கம் ஏலத்தோட்டத்துல முதலாளி மலையாளத்துல சொல்வாரு, கங்காணி அதைத் தமிழ்ல வாங்கி, அரைகுறையா இந்தி தெரிஞ்ச ஒரு டிரைவர் வழியா அஸ்ஸாம் பையனுக்குக் கொண்டுபோவாரு, நிழல் மரத்துக் கிளைய வெட்டச் சொன்னது ஏலச்செடிய வெட்டுன்னு போய்ச் சேராம இருந்தா அன்னிக்கு நல்ல நாள்!

ஷார்போனோவும் அந்த மாதிரி ஒரு மொழிபெயர்ப்புச் சங்கிலியில ஒரு கண்ணிதான். பிரெஞ்சு பேசுற கனடாக்காரரு, மிசூரி ஆத்துப் பக்கம் ஹிடாட்சாங்கிற பழங்குடி மக்களோடயே குடியிருந்து தோல் வியாபாரம் பண்ணவரு. இங்கிலீஷ் சுத்தமா வராது. 1804 நவம்பர்ல அவர மொழிபெயர்ப்பாளரா சேத்ததுக்கு முக்கியக் காரணமே அவரோட மனைவி சகாகவியாதான், அந்தப் பொண்ணு ஷோஷோனி இனம், சின்ன வயசுலயே ஹிடாட்சாக்காரங்க பிடிச்சுட்டு வந்தது. மலையத் தாண்ட குதிரை வேணும், குதிரை ஷோஷோனிகிட்ட இருக்கு. 1805 ஆகஸ்ட்ல பேரம் எப்படி நடந்துச்சுன்னா, கேப்டன்களான லூயிஸும் கிளார்க்கும் இங்கிலீஷ்ல சொன்னத லபீஷ்னு ஒரு ஆளு பிரெஞ்சுல சொல்ல, ஷார்போனோ ஹிடாட்சாவுல மனைவிகிட்ட சொல்ல, அது ஷோஷோனியில தலைவருக்குப் போகும், பதிலும் இதே வழியில திரும்பி வரணும். பாத்தா அந்தத் தலைவர் சகாகவியாவோட கூடப்பிறந்தவரு! குதிரையும் கிடைச்சுது.

படகு கதை நெசம்தான். 1805 மே 14, திடீர்னு காத்து அடிச்சுது, சுக்கான் இவர் கையில, நீச்சல் வேற தெரியாது. படகு சாஞ்சதும் சுக்கானை விட்டுட்டு கடவுளேன்னு கத்த ஆரம்பிச்சுட்டாரு, சுக்கானைப் பிடிக்கலேன்னா சுட்டுருவேன்னு குரூசாத்துங்கிற படகோட்டி மிரட்டின பிறகுதான் பிடிச்சாரு. அந்த நேரத்துல மூணு மாசக் குழந்தையோட இருந்த சகாகவியா பதட்டப்படாம தண்ணியில மிதந்த சாமானையெல்லாம் ஒவ்வொண்ணா எட்டிப் பிடிச்சு எடுத்துது.

ஆனா மனுசனுக்கு கைப்பக்குவம் உண்டு. காட்டெருமைக் குடல்ல கொத்துக்கறி, கொழுப்பு, உப்பு, மிளகு, கொஞ்சம் மாவு அடைச்சு, வேகவெச்சு, கரடி நெய்யில பொரிச்சுக் குடுப்பாராம். லூயிஸ் அத அவ்வளவு ரசிச்சு டைரியில எழுதிருக்காரு (குடல ஆத்துல ரெண்டு முக்கு முக்கி எடுத்தா கழுவுன கணக்காம், அதையும் விடல). அதே லூயிஸ் பின்னாடி, மொழிபெயர்ப்பத் தவிர இவர்கிட்ட சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லன்னும் எழுதிட்டாரு.

1806 ஆகஸ்ட்ல கணக்கு முடிச்சப்ப குதிரை, கூடார விலையெல்லாம் சேத்து 500 டாலரும் சில்லறையும் வாங்கிட்டாரு. சகாகவியாவுக்கு ஒரு சென்ட் கூட கிடையாது. எங்களால குடுக்க முடிஞ்சதவிட அந்தப் பொண்ணுக்கு அதிகமா குடுத்திருக்கணும்னு அதே மாசம் கிளார்க் ஒரு கடிதம் எழுதினாரு, அதையும் புருஷன் பேருக்குத்தான் எழுதினாரு.