இறந்தவர் முகத்துக்கு எதற்குச் சிவப்பு?

கேள்வி: தாத்தாவைக் குளிர்பெட்டியில் வைக்கும் முன், வந்தவர் அவர் முகத்தில் சிவப்பு க்ரீம் தடவினார். அழகு பார்க்கும் நேரமா இது என்று வீட்டில் சண்டையே வந்துவிட்டது. அது தேவைதானா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சண்டையை விடுங்கள், அம்மா. இருபது வருடமாக இதே வேலை பார்க்கிறேன். அது அழகுக்காக அல்ல. உயிரோடு இருக்கையில் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம்தான் முகத்துக்குக் களை தருகிறது. இதயம் நின்றதும் ரத்தம் கீழிறங்கி முதுகுப் பக்கம் தேங்கிவிடும். முகம் வெளுத்துச் சாம்பல் பூக்கும். அதன்மேல் வெறும் பவுடர் போட்டால் சுண்ணாம்படித்த சுவர்தான். போன சிவப்பைத்தான் முதலில் திருப்பித் தர வேண்டும். பதப்படுத்தும் திரவத்திலேயே சிவப்புச் சாயம் கலப்பதும் இதற்காகத்தான்.

நம் மாநிறத்துக்குப் பளீர் ரோஜா நிறம் ஒட்டாது. செங்கல் சிவப்பில் துளி பழுப்பைக் குழைத்து, விரல்நுனியால் ஒற்றுவேன். கன்னத்தில் மட்டும் வைத்தால் கூத்து வேஷம்! காது மடல், மூக்கு நுனி, கண்ணிமை, விரல் மூட்டு எல்லாவற்றுக்கும் வேண்டும். காதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த முகத்தில் நீர் கோத்திருக்கும்; பஞ்சால் ஒற்றாமல் தொட்டால் எல்லாம் வழுக்கிப் போகும்.

ஒருமுறை டியூப்லைட் வெளிச்சத்தில் முடித்துவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். வெயிலில் பெரியவர் கள் குடித்தவர்போல் சிவந்திருந்தார். அன்றிலிருந்து ஜன்னலோரத்தில்தான் வேலை.