பெங்களூரில் புதைத்த இடம் குடும்பத்துக்கே நிரந்தரமா?

கேள்வி: பெங்களூரில் பொது மயானங்களை யார் நடத்துகிறார்கள்? அங்கே புதைத்தால் அந்த இடம் நமக்கே இருக்குமா?

இருக்காது. எங்கள் தாத்தாவால்தான் எனக்கு இது தெரியவந்தது.

அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். எங்கள் வீட்டில் எரிக்கிற வழக்கம் இல்லை, மண்ணில்தான் வைப்போம். 1994இல் தாத்தாவைப் புதைத்தபோது கல் எதுவும் கட்டவில்லை. பக்கத்தில் நின்ற புங்கமரம்தான் அடையாளம். 2009இல் பாட்டி போனதும், அவர் பக்கத்திலேயே வைக்கலாம் என்று அப்பா போனார். மரம் இருந்தது. அதன் கீழே வேறு யாருக்கோ சமாதி கட்டி டைல்ஸ் ஒட்டியிருந்தது. ரிஜிஸ்டரில் தாத்தா பெயர் இருந்தது, குழி எங்கே என்று மட்டும் இல்லை. குழி வெட்டுகிறவர், தமிழர்தான், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "கல்லு கட்டலன்னா கொஞ்ச வருசத்துல திருப்பி வெட்டிடுவோம்ணா. எடத்துக்கு எங்க போறது?" என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. எந்த மயானம் என்று கேட்காதீர்கள், பெயர் வேண்டாம்.

இடம் ஏன் இல்லை என்றால், கதை பழசு. 1809இல் அல்சூர் பக்கம் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட், அதாவது ராணுவத்துக்கான தண்டுப் பகுதி போட்டார்கள். சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், வியாபாரி என்று மதராஸ் மாகாணத்திலிருந்து தமிழர்கள் பின்னாலேயே வந்தார்கள். 1881இல் மைசூரை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோதும் தண்டுப் பகுதியை மட்டும் வெள்ளைக்காரர்கள் விடவில்லை. பழைய ஊரான பேட்டைக்கு ஒரு முனிசிபாலிட்டி, தண்டுக்கு ஒரு முனிசிபாலிட்டி. 1949இல்தான் இரண்டும் ஒரே கார்ப்பரேஷன் ஆயின. சாவிலும் அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. தண்டுப் பக்கத்து எங்களுக்குக் கல்பள்ளி மயானம். ஸ்ரீராமபுரத்துத் தமிழர்களுக்கு ஹரிச்சந்திரா காட். ஊர் ஓரமாக இருந்த மயானங்களைச் சுற்றி வீடும் அபார்ட்மென்டும் வந்துவிட்டன. பிணங்கள் பெருகின, காம்பவுண்டுச் சுவர் அங்கேயேதான் நிற்கிறது.

நடத்துவது யார் என்றால், இந்துக்களுக்கான பொது மயானங்களும் மின் மயானங்களும் மாநகராட்சி கையில். போர்டில் 'ருத்ரபூமி', 'வித்யுத் சிதாகார' என்று கன்னடத்தில் போட்டிருக்கும். கிறிஸ்தவக் கல்லறைகள் பெரும்பாலும் சபைகளின் பொறுப்பு, முஸ்லிம்களின் கபரஸ்தான்கள் ஜமாத் அல்லது வக்ஃப் பொறுப்பு. ஓசூர் ரோடு கல்லறையிலும் இதே நெருக்கடிதான். எதிர்வீட்டு அக்கா குடும்பத்தில் மாமனார் குழியையே திறந்து, எலும்பைச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு மாமியாரை இறக்கினார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாலை போதும் என்று அக்கா சிரிப்பார். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன, அதனால் உங்கள் மயானம் எதன் கீழ் வருகிறது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மயானத் தொழிலாளர்களைப் பற்றி 2021 வரை ஊரில் யாரும் பேசியதில்லை. அந்த ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா இரண்டாம் அலையில், மின் மயானங்களின் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை கட்டியது. சாமராஜப்பேட்டையில் சினிமா தியேட்டர் மாதிரி 'ஹவுஸ் ஃபுல்' போர்டு தொங்கியது. தாவரேகெரேயிலும் கிட்டேனஹள்ளியிலும் திறந்தவெளியில் சிதை அடுக்கினார்கள். அவ்வளவையும் செய்தவர்கள் பாக்கிக் கூலிக்காகப் போராட வேண்டியிருந்தது. பிறகு பசவராஜ் பொம்மை முதல்வராக இருந்தபோது அவர்களுக்கு 'சத்ய ஹரிச்சந்திர பளக' என்று பெயர் சூட்டினார். பளக என்றால் சுற்றம். பட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். வீட்டில் இறந்தால், இறந்த காரணத்தோடு டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் மயானத்துக்குக் கிளம்பாதீர்கள். ஆதார் ஜெராக்ஸ் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் அலைய வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது பாதிப் பேர் மின் மயானத்துக்கு மாறிவிட்டார்கள். சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணம் பச்சிமவாகினியில், காவிரியில் கரைத்துவிட்டு வந்துவிடலாம், மரம் தேட வேண்டியதில்லை. அம்மாவும், "என்னைக் கரண்டுலயே வெச்சிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். அப்பா மட்டும் ஒப்பவில்லை. பாட்டிக்குக் கல் கட்டினோம். போதாதென்று, கேட்டிலிருந்து எத்தனையாவது வரிசை, சுவரிலிருந்து எத்தனை அடி என்று ரசீதின் பின்னால் பேனாவால் படம் போட்டு, பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.