பிரிக்ஸ் நாணயத்துக்கு 5,000 ரிங்கிட் கட்டலாமா?

கேள்வி: "மலேசியா பிரிக்ஸில் சேர்ந்துவிட்டது, பொது நாணயம் வரப்போகிறது, இப்போதே வாங்கினால் இரட்டிப்பாகும்" என்கிறார் ஓர் ஏஜெண்டு. இபிஎப் பணத்திலிருந்து 5,000 ரிங்கிட் கேட்கிறார். பிரிக்ஸ் என்றால் என்ன? கட்டலாமா?
– செந்தூல் வாசகர்

பதில்: கட்டாதீர்கள் ஐயா. அப்படி ஒரு நாணயமே இல்லை.

2001இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் பொருளியலாளர் ஜிம் ஓநீல், வேகமாக வளரும் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'பிரிக்' என்றார். செங்கல்லுக்கான ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்த சிலேடை. செங்கல் சூளைகளால் பெயர் வந்த பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்வருகிற உங்களுக்கு அதை விளக்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், முதலில் பெயர் வந்தது. அந்த நாடுகளின் கூட்டமைப்பு பிறகுதான் உருவானது. 2009இல் ரஷ்யாவின் எகடெரின்பர்க்கில் முதல் உச்சநிலை மாநாடு நடந்தது. அப்புறம் தென்னாப்பிரிக்கா வர, 'எஸ்' ஒட்டிக்கொண்டது.

மலேசியா 2025 ஜனவரி 1 முதல் 'பங்காளி நாடு', உறுப்பினர் அல்ல. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரலாம். சம்பந்தம் பேசும் இடத்தில் முடிவு சொல்ல முடியாது, அந்த மாதிரி. ஆனால் இந்தோனேசியா அதே ஜனவரியில் முழு உறுப்பினராகிவிட்டது. "அவர்களே சேர்ந்துவிட்டார்களே" என்று ஏஜெண்டு இதை வைத்துத்தான் மடக்குவார். சேர்ந்தால் என்ன? மேடான் சந்தையில் மீன் வாங்க இன்றைக்கும் ரூப்பியாதான். சீனாவில் யுவான், இந்தியாவில் ரூபாய். பிரிக்ஸ் நாடுகளுக்கு ஷாங்காயில் ஒரு வளர்ச்சி வங்கி உண்டு. அது பெரிய திட்டங்களுக்குக் கடன் தருவது, நீங்களும் நானும் கணக்குத் திறக்கும் இடமல்ல.

கொடிகள் போட்ட வண்ண நோட்டு ஒன்றை வாட்ஸ்அப்பில் காட்டியிருப்பாரே? 2024 கசான் மாநாட்டில் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். அது வெறும் நினைவுப் பொருள். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று மட்டும் கேளுங்கள். தனியாள் பெயர் சொன்னால், கோப்பித் தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனும் அனுமதியில்லாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியல்கள் வைத்திருக்கின்றன. பாருங்கள், ஆனால் பட்டியலில் இல்லை என்பதால் நல்லவன் என்று நினைக்காதீர்கள். பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் இந்த மோசடிக்காரர்கள் கடையின் பெயரை மாற்றி அடுத்த தாமானுக்குப் போய்விடுகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் உடனே உங்கள் வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கும் கூப்பிடுங்கள். "திருப்பித் தருகிறேன், 300 ரிங்கிட் கட்டணம் மட்டும் போடுங்கள்" என்று ஏஜெண்டு சொன்னால் அதையும் கட்டாதீர்கள்.