கடைசி வரியில் எழுதியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

கேள்வி: வயது 54, எடை 82 கிலோ. மாதவிடாய் நின்று மூன்று வருடம். உடம்பில் உள்ள கொழுப்பு அழற்சியாகி மார்பகப் புற்றுநோயாக மாறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு மார்பிலும் நோவு இருப்பதால் இரண்டு மாதமாக டைக்ளோஃபெனாக் என்ற நோவு மாத்திரையும் மஞ்சள் கேப்சூலும் எடுக்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் கொழுப்புக் கரையுமா? இடது முலைக்காம்பும் கொஞ்ச நாளாக உள்ளே போயிருக்கிறது.
- உப்புவெளி வாசகி

பதில்: முலைக்காம்பு எப்போதிருந்து உள்ளே போயிருக்கிறது, அம்மா? சின்ன வயதிலிருந்தே அப்படி என்றால் விடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் புதிதாக வந்தது போலிருக்கிறது. அப்படியென்றால் இந்தக் கிழமையே திருகோணமலை பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பால்நாளம் விரிந்தாலும் காம்பு இழுக்கும், உள்ளே கட்டி வளர்ந்து பிடித்து இழுத்தாலும் இழுக்கும். எது என்று கடிதத்தை வாசித்துச் சொல்ல யாராலும் முடியாது. நோகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், கட்டி பெரும்பாலும் நோகாது.

இன்றைக்கே கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தோல் குழி விழுகிறதா, தோடம்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா, கக்கத்தில் ஏதாவது தட்டுப்படுகிறதா? ஒன்றுமே தெரியாவிட்டாலும் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும். உங்கள் வயதில் மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே நன்றாகவே உதவும்: படத்தில் கொழுப்பு கறுப்பாகவும் கட்டி வெள்ளையாகவும் விழும். ஊசி குத்திச் சோதித்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டு பக்கமும் வரும் நோவு பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. உடுப்பு இறுக்கமாக இருந்தாலே வரும்.

சரி, வாட்ஸ்அப் விஷயம். கொழுப்பு புற்றுநோயாக மாறுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஓய்ந்துவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் செய்யும் முக்கிய இடம் கொழுப்புத் திசுதான். அரோமட்டேஸ் என்ற நொதி அங்கே அந்த வேலையைச் செய்கிறது. எடை ஏற ஏற கொழுப்புக் கலங்கள் ஊதிப் பெருத்து, பிராணவாயு போதாமல் சில செத்துப்போகும். செத்த கலத்தைச் சுற்றி நோய் எதிர்ப்புக் கலங்கள் கிரீடம் வைத்தது போல் வட்டமாகக் கூடிவிடும். அழற்சி என்பது இதைத்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அப்படியே தெரியும். அவை விடும் இரசாயனங்கள் அரோமட்டேஸை இன்னும் தூண்டும். ஈஸ்ட்ரோஜன் கூடும், கூடவே இன்சுலினும் ஏறும், மார்பகக் கலங்களுக்கு வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதனால்தான் மாதவிடாய் நின்ற பெண்களில் உடற்பருமன் மார்பகப் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆபத்து கூடுகிறது என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மெலிந்தவர்களுக்கும் வருகிறது.

இந்த அழற்சி, நோவு மாத்திரைக்கு அடங்குகிற சங்கதி இல்லை. யாருடைய சொல்லில் இரண்டு மாதம் டைக்ளோஃபெனாக் விழுங்கினீர்கள்? வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும், பிரஷர் ஏறும். இன்றோடு நிறுத்துங்கள். மஞ்சளைக் கறியில் போடுங்கள், அது போதும்.

கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு வாருங்கள், உடம்புக்கு இதமாக இருக்கும். கொழுப்புக் கரையாது. எடையைக் குறைத்து அப்படியே வைத்திருக்கும் பெண்களுக்கு ஆபத்து இறங்குகிறது. இரவுப் புட்டில் பாதியைக் குறைத்துக்கொண்டு, காலையில் கடற்கரையோரம் அரை மணி நேரம் வேகமாக நடக்கத் தொடங்கலாம். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குக் கீழே வருவதுதான் இலக்கு. ஆனால் அதற்கு நாளிருக்கிறது, முதலில் கிளினிக். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கேப்சூல் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.